திருவேற்காட்டு ஓட்டின் எடை

தமிழ்நாட்டின் மக்களவைத் தொகுதிகளை வரிசையாக எண்ணினால் முதலில் வருவது திருவள்ளூர். கடைசி, 39-வது, கன்னியாகுமரி. சட்டமன்றத் தொகுதிகளும் இந்த மாவட்டத்திலிருந்துதான் தொடங்குகின்றன. கும்மிடிப்பூண்டி 1, பொன்னேரி 2, திருத்தணி 3, திருவள்ளூர் 4, பூந்தமல்லி 5, ஆவடி 6, மதுரவாயல் 7, அம்பத்தூர் 8 என்று நீளும் அந்த வரிசை தென்கோடியில் கிள்ளியூர் 234-இல் போய் முடிகிறது. கருமாரியம்மன் கோயிலால் தமிழகம் முழுக்கத் தெரிந்த திருவேற்காடு இதில் ஆறாம் எண்ணுக்குள் இருக்கிறது. சட்டமன்றத்துக்கு ஆவடி, மக்களவைக்குத் திருவள்ளூர் தனித்தொகுதி.

ஊரைத் தொட்டு ஓடும் கூவம் கிழக்கே இறங்கி மதுரவாயலுக்குள் நுழைகிறது. அங்கே எம்.எல்.ஏ. மாறுகிறார், அது ஏழாம் எண் தொகுதி. எம்.பி.யும் மாறுகிறார், மதுரவாயல், ஸ்ரீபெரும்புதூர் மக்களவைத் தொகுதியில் இருக்கிறது. உள்ளாட்சியும் மாறுகிறது. 2011 அக்டோபரில் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது, அம்பத்தூரும் மதுரவாயலும் வளசரவாக்கமும் உள்ளே போயின. திருவேற்காடும் பூந்தமல்லியும் வெளியே நின்றன. மதுரவாயல் வட்டம் 2018 முதல் வருவாய்த் துறைக்குச் சென்னை மாவட்டம்; தொகுதி வரிசையிலோ இன்னும் திருவள்ளூர் மாவட்டத் தொகுதிகளோடுதான் எண்ணப்படுகிறது. மழைக்காலத்தில் கூவத்தில் வருவது ஒரே வெள்ளம். மேலே தேங்கினால் ஒரு எம்.பி.யிடமும், கீழே தேங்கினால் வேறொரு எம்.பி.யிடமும் முறையிட வேண்டும்.

இந்தக் கோடுகளைப் போட்டது யார், எந்தக் கணக்கில் போட்டார்கள், அடுத்து எப்போது அழித்து வரைவார்கள் என்ற கேள்விகள் கொஞ்ச காலமாகத் தமிழ்நாட்டில் சூடாகப் பேசப்படுகின்றன. ஆனால் பேச்சு முழுக்க ஒரே எண்ணைச் சுற்றுகிறது: 39. டெல்லியில் நமக்கு எத்தனை இடம் என்பது பெரிய கேள்விதான், அதில் தமிழ்நாட்டின் பக்கம் நியாயம் இருக்கிறது. அந்தக் கேள்வியின் நிழலில் இன்னொரு கேள்வி யார் கண்ணிலும் படாமல் கிடக்கிறது. தமிழ்நாட்டுக்குள்ளேயே ஒரு திருவேற்காட்டு ஓட்டுக்கும் ஒரு நாகப்பட்டினத்து ஓட்டுக்கும் எடை ஒன்றா என்பதே அது.

கோடு போட்ட கை

இப்போது நடைமுறையில் உள்ள தொகுதிகள், 2002-ஆம் ஆண்டின் எல்லை வரையறைச் சட்டப்படி அமைந்த ஆணையம் வரைந்தவை. உச்ச நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி குல்தீப் சிங் அதன் தலைவர். தேர்தல் ஆணையர் ஒருவரும் அந்தந்த மாநிலத் தேர்தல் ஆணையரும் உறுப்பினர்கள். மாநிலத்துக்கு ஐந்து எம்.பி.க்கள், ஐந்து எம்.எல்.ஏ.க்கள் துணை உறுப்பினர்களாக உட்கார்ந்தார்கள். அவர்கள் பேசலாம், மறுப்பைப் பதிவு செய்யலாம், வாக்களிக்க முடியாது. 2008 பிப்ரவரி 19-இல் புதிய எல்லைகள் நடைமுறைக்கு வந்தன. தமிழ்நாடு அவற்றின்படி 2009-இல் மக்களவைக்கும் 2011-இல் சட்டமன்றத்துக்கும் முதன்முறை வாக்களித்தது.

ஆவடி என்ற தொகுதி பிறந்தது அந்த ஆணையில்தான். அதற்கு முன் மேற்குப் புறநகரின் பெரும்பகுதி வில்லிவாக்கம் தொகுதிக்குள் அடைந்து கிடந்தது. மாநிலத்திலேயே மிகப் பெரிய தொகுதிகளில் ஒன்று அது. அம்பத்தூர், மாதவரம், மதுரவாயல் எல்லாம் தனித்தனித் தொகுதிகளாகத் தலைநிமிர்ந்தது 2008-இல். சென்னை நகருக்கு 14 இடங்கள் 16 ஆயின. அதே வேகத்தில் குத்தாலம், வலங்கைமான், ஆண்டிமடம், சேடப்பட்டி, சேரன்மகாதேவி, சாத்தான்குளம், திருவட்டார் ஆகிய பெயர்கள் சட்டமன்றத்திலிருந்து மறைந்தன. மொத்த எண்ணிக்கை 234 என்பது மாறாதபோது ஓரிடத்தில் ஒரு தொகுதி பிறந்தால் இன்னோரிடத்தில் ஒன்று சாகத்தான் வேண்டும். மக்களவையில் இன்னும் கொடுமை: புதுக்கோட்டை என்ற தொகுதியே போயிற்று. அந்த மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் திருச்சி, கரூர், சிவகங்கை, ராமநாதபுரம் என்று நான்கு மக்களவைத் தொகுதிகளுக்குப் பங்கு வைக்கப்பட்டன. சமஸ்தானமாக இருந்து தனி மாவட்டமான ஒரு மண்ணுக்கு, தன் மாவட்டத்துக்காக மட்டும் பேச ஒரு எம்.பி. இல்லை. சட்டம் சொல்லும் அளவுகோல்களில் நிலத் தொடர்ச்சி, நிர்வாக எல்லை, போக்குவரத்து வசதி, மக்களின் வசதி எல்லாம் இருக்கின்றன. புதுக்கோட்டையில் அவை கணக்குக்குத் தோற்றன.

தொகுதி ஆணையைக் கையில் எடுத்துப் பார்த்தால் அது கோடுகளின் ஆவணமாகத் தெரியாது. இந்த வட்டத்தின் ஒரு பகுதி, இன்னின்ன வருவாய்க் கிராமங்கள், இன்ன நகராட்சி, இன்ன பேரூராட்சி என்று நீளும் ஊர்ப் பெயர்ப் பட்டியல் அது. ஆவடி 2019-இல் மாநகராட்சியாகிவிட்டது. தொகுதி ஆணைக்கு அது இன்னும் நகராட்சிதான். திருவேற்காட்டை ஆவடி மாநகராட்சியோடு சேர்க்கும் பேச்சு சில ஆண்டுகளாகவே ஓடுகிறது. நாளை சேர்த்தாலும் சட்டமன்றக் கோடு அசையாது. ஆணையில் எழுதப்பட்ட நாளின் ஊர்தான் அடுத்த ஆணை வரும் வரைக்கும் ஊர்.

சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

பிறந்தபோதே பழையதான கோடு

2008-இன் கோடுகள் 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்துப் போடப்பட்டவை. அந்தக் கணக்கெடுப்பில் திருவேற்காட்டின் மக்கள்தொகை 32 ஆயிரத்தைச் சற்றே தாண்டியது. 2011 கணக்கெடுப்பில் 62 ஆயிரத்து 800-ஐத் தாண்டிவிட்டது. ஆவடித் தொகுதி முதன்முதலில் சட்டமன்றத் தேர்தலைச் சந்தித்ததும் அதே 2011-இல்தான். அதாவது அந்தக் கோட்டுக்குள் முதல் எம்.எல்.ஏ.வைத் தேர்ந்தெடுத்த ஆண்டிலேயே ஊர் ஏறத்தாழ இரட்டிப்பாகியிருந்தது. ஆவடி நகராட்சி சுமார் 2.3 லட்சத்திலிருந்து 3.46 லட்சமாகவும், அம்பத்தூர் சுமார் 3 லட்சத்திலிருந்து 4.66 லட்சமாகவும் வளர்ந்திருந்தன. திருவள்ளூர் மாவட்டம் முழுவதுமாக 27.5 லட்சத்திலிருந்து 37.3 லட்சத்துக்குப் போனது.

இவ்வளவு பிள்ளைகள் இங்கே பிறந்துவிடவில்லை. வந்தார்கள். 1964-இல் அம்பத்தூரில் தொழிற்பேட்டை எழுந்தது முதல் வந்துகொண்டே இருக்கிறார்கள். ஆவடியின் பாதுகாப்புத் தொழிற்சாலைகளுக்கு வந்தார்கள். பிறகு பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டி எழுந்த கம்பெனிகளுக்கும் கிடங்குகளுக்கும் கல்லூரிகளுக்கும் வந்தார்கள். நகருக்குள் வாடகை கட்டுப்படியாகாதவர்கள் வந்தார்கள். தஞ்சை, நாகை, திருவாரூர் பக்கத்தில் தண்ணீரும் வேலையும் குறையக் குறைய அங்கிருந்து வந்தார்கள். கிரவுண்டு விலை கட்டுப்படியான இடத்தில் நின்று வீடு கட்டினார்கள். ஏரிக்கரையெல்லாம் நகர் ஆனது.

இப்போது கணக்கைப் பாருங்கள். 2001-இல் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 6.24 கோடி. 234-ஆல் வகுத்தால் ஒரு தொகுதிக்குச் சராசரி 2 லட்சத்து 67 ஆயிரம் பேர். அந்த அளவில் திருவள்ளூர் மாவட்டத்துக்குப் பத்து தொகுதி என்பது சரியான பங்கு. 2011-இல் மக்கள்தொகை 7.21 கோடி, சராசரி 3 லட்சத்து 8 ஆயிரம். அந்த அளவில் திருவள்ளூர் மாவட்டத்துக்குப் பன்னிரண்டு தொகுதி வர வேண்டும், பத்துதான் இருக்கிறது. அப்போது மயிலாடுதுறையையும் சேர்த்திருந்த நாகப்பட்டினம் மாவட்டத்துக்கு ஐந்து வர வேண்டும், ஆறு இருக்கிறது. இது 2011 கணக்கு. அதற்குப் பிறகு எழுந்த அடுக்குமாடிகளும் அயனம்பாக்கம், நூம்பல், கோலடி பக்கத்தில் முளைத்த நகர்களும் இன்னும் எந்தக் கணக்கெடுப்பிலும் ஏறவில்லை.

வாக்காளர் பட்டியல் இதையே உரக்கச் சொன்னது. 2021 சட்டமன்றத் தேர்தலின்போது சோழிங்கநல்லூரில் ஏறத்தாழ 6.95 லட்சம் வாக்காளர்கள். சென்னைத் துறைமுகம் தொகுதியில் ஏறத்தாழ 1.76 லட்சம். இரண்டும் ஆளுக்கொரு எம்.எல்.ஏ.வைத்தான் அனுப்பின. ஆவடி, மதுரவாயல், மாதவரம் மூன்றும் நான்கு லட்சத்தைத் தாண்டியவை. மன்னார்குடிப் பக்கத்திலிருந்து திருவேற்காட்டுக்கு வீடு மாறி, பெயரையும் இங்கே மாற்றிக்கொண்ட ஒருவர், வழியிலேயே தன் ஓட்டின் எடையில் ஒரு பங்கை இழந்துவிடுகிறார். அவர் செய்த குற்றம் பிழைக்க வந்தது மட்டும்தான்.

கவுன்சிலரின் கணக்கு

உள்ளாட்சியில் எடை தலைகீழாக இருக்கிறது. திருவேற்காடு நகராட்சிக்கு 18 வார்டுகள். 2011 மக்கள்தொகைப்படி வார்டுக்குச் சுமார் 3,500 பேர். ஆவடி மாநகராட்சிக்கு 48 வார்டுகள். வார்டுக்குச் சுமார் 7,200 பேர். பக்கத்தில் அம்பத்தூர், சென்னை மாநகராட்சியின் ஏழாவது மண்டலம். 79 முதல் 93 வரை பதினைந்து வார்டுகள். அதே 2011 கணக்கில் வார்டுக்கு முப்பதாயிரத்துக்கும் மேல். தனி நகராட்சியாக இருந்த காலத்தில் அம்பத்தூருக்கு ஐம்பதுக்கு மேற்பட்ட கவுன்சிலர்கள் இருந்தார்கள்.

குப்பை வண்டி வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை, மழைநீர் வடிகால் அடைத்துக்கொண்டது என்றால் திருவேற்காட்டுக்காரர் தன் கவுன்சிலரைத் தெருவிலேயே பிடிக்கலாம். ஒரு கிலோமீட்டர் தள்ளி அம்பத்தூர் பக்கம் குடியிருப்பவருக்கு அந்தக் கவுன்சிலர் ஒரு சிற்றூரின் தலைவரைவிடப் பெரியவர், எட்டாதவர். மாநகராட்சியோடு இணைந்தால் ரோடு வரும், குடிநீர் வரும், மனை விலை ஏறும் என்று பேசுகிறவர்கள், ஒரு கவுன்சிலருக்கு எத்தனை பேர் என்ற கணக்கையும் சேர்த்துப் பேச வேண்டும். இணைப்பு வேண்டாம் என்பதல்ல என் கட்சி. இணைத்தால் வார்டு எண்ணிக்கை குறையக் கூடாது என்பதுதான்.

கோடு வரைவதைச் சாக்காக்கித் தேர்தலையே தள்ளிவைக்கும் ஆபத்தும் உண்டு. இந்த மாநிலம் அதை நேரில் பார்த்திருக்கிறது. உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. தேர்தல் அறிவிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்து வார்டு மறுவரையறைக்கென 2017-இல் மாநிலத்துக்கே தனி ஆணையம் அமைந்தது. ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில் நடந்தபோதும், மாவட்டப் பிரிப்பில் அகப்பட்ட ஒன்பது மாவட்டங்களில் வார்டு வரையறை முடியவில்லை என்று உச்ச நீதிமன்றம் அங்கு மட்டும் நிறுத்தி வைத்தது. 2021 அக்டோபர் வரை அவை காத்திருந்தன. நகர்ப்புறங்களுக்குத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-இல். ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் திருவேற்காடு உட்படத் தமிழ்நாட்டின் நகரங்கள் கவுன்சிலர் இல்லாமல், அதிகாரிகளின் கையில் இருந்தன. அந்த ஐந்து ஆண்டில் கொரோனா வந்து போனது.

41 எப்படி 39 ஆனது

இனி டெல்லிக் கணக்கு. 1962 தேர்தலில் அன்றைய சென்னை மாநிலம் மக்களவைக்கு 41 பேரை அனுப்பியது. 1967-இல் 39 பேர். இடையில் நடந்தது 1961 கணக்கெடுப்பை வைத்து நடந்த மறுவரையறை. 1961 வரையான பத்தாண்டில் நாட்டின் மக்கள்தொகை 21 சதவீதத்துக்கு மேல் வளர, சென்னை மாநிலம் 12 சதவீதத்தைத்தான் எட்டியது. மக்களவையின் மொத்த இடங்கள் 494-இலிருந்து 522-ஆகக் கூடியபோது, நமக்கு இரண்டு குறைந்தது.

இதை நம்மில் பலர் மறந்திருந்தோம். நினைவூட்டியது ஒரு தனித்தொகுதி வழக்கு. 1967 முதல் தென்காசி தனித்தொகுதியாகவே நீடிப்பதை எதிர்த்து வந்த மனுவில், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 ஆகஸ்டில் அளித்த உத்தரவு இந்த இரண்டு இடங்களின் கதையை எடுத்தது. 1967 முதல் 14 தேர்தல்களில் 28 எம்.பி.க்களை இழந்ததற்கு, ஆளுக்கு 200 கோடி என்று 5,600 கோடி ரூபாயை ஏன் இழப்பீடாகத் தரக் கூடாது என்று மத்திய அரசை நீதிமன்றம் கேட்டது. பிரதிநிதித்துவத்தைப் பணத்தால் ஈடு கட்ட முடியாது என்பது நீதிபதிகளுக்கும் தெரியும். இழப்பு இழப்புதான் என்று பதிவு செய்ய அது ஒரு வழி.

1976-இல் 42-வது திருத்தம் இந்த ஓட்டத்தைப் பூட்டியது. 1971 கணக்கெடுப்பின் பங்கே 2000-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை செல்லும் என்றது. 2002-இல் 84-வது திருத்தம் அந்தப் பூட்டை 2026-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது. 2003-இல் 87-வது திருத்தம் ஒரு நல்ல வேலை செய்தது. மாநிலங்களுக்கு எத்தனை இடம் என்ற பூட்டைத் தொடாமல், மாநிலத்துக்குள் கோடுகளை மட்டும் 2001 கணக்குப்படி மாற்றலாம் என்றது. ஆவடித் தொகுதி பிறந்தது அந்தத் திருத்தத்தின் வயிற்றில்.

அடுத்த கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1 என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதன் எண்கள் வந்தால் பூட்டின் காலம் முடிகிறது. 2011 மக்கள்தொகையை வைத்து 543 இடங்களைப் பிரித்துப் பார்த்தால் தமிழ்நாட்டுக்கு 32-தான் வருகிறது. கேரளத்துக்கு இருபதில் ஐந்து போகும். உத்தரப் பிரதேசம் 80-இலிருந்து 90-ஐ ஒட்டிப் போகும். எந்தத் தென்மாநிலத்துக்கும் ஓரிடம்கூடக் குறையாது என்று உள்துறை அமைச்சர் அமித் ஷா 2025 பிப்ரவரியில் கோவையில் சொன்னார். குறையாமலிருப்பது போதாது. மொத்த இடங்கள் கூடி, நம் பங்கு நூற்றுக்கு ஏழிலிருந்து ஆறாக இறங்கினால், 39 பேர் அப்படியே உட்கார்ந்திருந்தாலும் அவர்களின் குரல் தேய்ந்துவிடும். 2025 மார்ச் 5-இல் சென்னையில் கூடிய அனைத்துக் கட்சிக் கூட்டம் 1971 கணக்கையே இன்னும் முப்பது ஆண்டு நீட்டச் சொன்னது. மார்ச் 22-இல் கேரளம், தெலங்கானா, பஞ்சாப் முதலமைச்சர்களும் கர்நாடகத் துணை முதலமைச்சரும் சென்னைக்கு வந்து அதை ஒட்டிய கோரிக்கையில் கைகோத்தார்கள். குடும்ப நலத் திட்டத்தைச் சொன்னபடி நடத்திக் காட்டிய மாநிலங்களை அதற்காகவே சிறுமைப்படுத்துவது கூட்டாட்சிக்கு நியாயமாகாது. இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

கடலுக்கு அப்பால்

எல்லைக் கோடு எவ்வளவு கொடிய ஆயுதமாகும் என்று தமிழர்களுக்கு வெளியார் சொல்லத் தேவையில்லை. இலங்கையின் சோல்பரி அரசியலமைப்பு 75,000 பேருக்கு ஓரிடம், ஆயிரம் சதுர மைலுக்கு ஓரிடம் என்று வகுத்தது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் ஆறு இடங்களை வென்றது. சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியாவிலிருந்து நாடாளுமன்றம் போனார். 1948-இன் குடியுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த சட்டங்களும் தோட்டத் தொழிலாளர்களின் குடியுரிமையையும் வாக்கையும் பறித்தன. 1952-இல் அவர்கள் சார்பில் ஒருவரும் வெல்லவில்லை. அதைவிடக் கொடுமை, தொகுதி எண்ணிக்கையை முடிவு செய்யும்போது அவர்களின் தலைகள் எண்ணப்பட்டன. வாக்கில்லாத தமிழரின் தலைக்கணக்கில் மலைநாட்டுக்குக் கிடைத்த இடங்களை வாக்குள்ள சிங்களர் நிரப்பினார்கள். தொண்டமான் மீண்டும் மக்கள் வாக்கில் வென்று உள்ளே வந்தது 1977-இல், முப்பது ஆண்டுகள் கழித்து.

மலேசியாவில் எடை ஏற்றத்தாழ்வு வேறு விதம். 2013 பொதுத்தேர்தலில் சிலாங்கூர் மாநிலத்தின் காப்பார் தொகுதியில் 1,44,159 வாக்காளர்கள். நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவில் 15,791. அந்தத் தேர்தலில் எதிர்க்கட்சிக் கூட்டணி ஏறத்தாழ 51 சதவீத வாக்கு வாங்கி 222-இல் 89 இடங்களைப் பெற்றது. 47 சதவீதம் வாங்கிய ஆளும் கூட்டணி 133 இடங்களுடன் ஆட்சியில் தொடர்ந்தது. நகர்ப்புறத்தில் பெருத்த தொகுதி, கிராமப்புறத்தில் சிறுத்த தொகுதி. நம் சோழிங்கநல்லூரும் துறைமுகமும் அந்த அளவுக்குப் போகவில்லை. போகாமல் காக்கத்தான் இத்தனை பேச்சு.

அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் ஆளுங்கட்சியே கோடு போடுகிறது. 1812-இல் மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெர்ரி ஒப்பமிட்ட சட்டத்தில் பிறந்த ஒரு தொகுதி, பல்லியை ஒத்த விலங்கு ஒன்றைப் போல வளைந்து கிடந்ததைப் பத்திரிகை கேலிப்படம் போட்டது. இருநூறு ஆண்டு கழித்தும் வழக்கம் மாறவில்லை. 2025-இல் டெக்சாஸ் ஒரு கட்சிக்காகக் கோட்டை இடையிலேயே மாற்ற, கலிஃபோர்னியா பதிலுக்கு மாற்றியது. இந்தியாவில் நீதிபதி தலைமையில் ஆணையம் வரைகிறது என்பது நாம் பெருமைப்படும் அளவுக்கு நல்ல ஏற்பாடு. அதன் குறை, அரசியலமைப்பின் 329-வது பிரிவால் ஆணையத்தின் உத்தரவை நீதிமன்றத்தில் எளிதில் கேள்வி கேட்க முடியாது என்பது. அப்பட்டமாக மனம்போன போக்கில் செய்திருந்தால் நீதிமன்றம் தலையிடலாம் என்று 2024-இல்தான் உச்ச நீதிமன்றம் ஒரு சாளரத்தைத் திறந்தது.

இங்கிலாந்தின் பாடம்தான் திருவேற்காட்டுக்கு நெருக்கமானது. 1832-க்கு முன், ஆளில்லாமல் போன ஓல்டு சாரம் என்ற மேடு இரண்டு எம்.பி.க்களை அனுப்பியது. ஆலைகளால் பெருத்த மான்செஸ்டருக்குத் தனியாக ஒருவர்கூட இல்லை. மக்கள் இடம் மாறினார்கள், கோடு மாறவில்லை. நாகையை ஓல்டு சாரத்தோடு ஒப்பிடுவது அநியாயம்; அங்கே மக்கள் வாழ்கிறார்கள், புயலையும் கடலையும் எதிர்கொண்டு வாழ்கிறார்கள். ஆனால் அம்பத்தூரை மான்செஸ்டரோடு ஒப்பிட எனக்குத் தயக்கமில்லை.

நாகையும் தோற்காமல்

இப்போது தமிழ்நாட்டின் முன்னால் ஒரு சங்கடம் நிற்கிறது. டெல்லியிடம், மக்கள்தொகை குறைந்ததற்காக எங்களைத் தண்டிக்காதே என்கிறோம். மாநிலத்துக்குள் கோட்டைப் புதுப்பித்தால் டெல்டாவும் தென்மாவட்டங்களும் அதே வார்த்தையை நம்மிடமே திருப்பிச் சொல்லும். அதனால் எல்லாப் பூட்டும் அப்படியே இருக்கட்டும் என்பது பல கட்சிகளுக்கு வசதி. முப்பது ஆண்டு நீட்டிப்பில் உள்ளூர்க் கோடும் சேர்ந்து உறைந்தால், 2001-இன் திருவேற்காட்டுக்குப் போட்ட கோடு 2050-களிலும் இருக்கும். அதை ஏற்க முடியாது.

வழி இருக்கிறது. மக்களவைப் பங்கும் சட்டமன்ற எண்ணிக்கையும் வேறு வேறு. சட்டமன்றத்துக்கு 500 இடம் வரை இருக்கலாம் என்கிறது அரசியலமைப்பின் 170-வது பிரிவு. எல்லை வரையறைச் சட்டப்படி சட்டமன்ற இடங்கள், மக்களவை இடங்களின் முழு மடங்காக இருக்க வேண்டும். 39-ஐ ஆறால் பெருக்கினால் 234, ஒவ்வொரு எம்.பி. தொகுதியிலும் ஆறு எம்.எல்.ஏ. தொகுதிகள். ஏழால் பெருக்கினால் 273. 2011 மக்கள்தொகையை 273-ஆல் வகுத்தால் தொகுதிக்குச் சராசரி 2 லட்சத்து 64 ஆயிரம். 2008-இல் கோடு போட்டபோது இருந்த அளவும் ஏறத்தாழ இதுதான். அந்த அளவில் 2011 எல்லைப்படியான திருவள்ளூர் மாவட்டத்துக்குப் பதினான்கு தொகுதி வருகிறது. நாகப்பட்டினத்துக்கு ஆறு வருகிறது. இருக்கும் ஆறில் ஒன்றும் குறையவில்லை.

தமிழ்நாட்டில் எம்.எல்.ஏ.க்கள் கூடுவதால் வேறெந்த மாநிலத்துக்கும் ஓர் இழப்பும் இல்லை. குடியரசுத் தலைவர் தேர்தலிலும் மாநிலத்தின் மொத்த வாக்கு மதிப்பு 1971 மக்கள்தொகைக் கணக்கில்தான் நிற்கிறது. இடம் கூடினால் ஓர் எம்.எல்.ஏ.யின் மதிப்பு 176-இலிருந்து குறையுமே தவிர மாநிலத்தின் எடை மாறாது. செலவு கூடும், உண்மை. ஏழு கோடிப் பேருக்கு 39 பேர் கூடுதலாகப் பதில் சொல்வதற்கு ஆகும் செலவு அது. வீண் செலவு அல்ல. தனித்தொகுதிகளும் விகிதத்தில் கூடும். இன்று 44 தாழ்த்தப்பட்டோர் தொகுதிகளும் 2 பழங்குடியினர் தொகுதிகளும் உள்ள சட்டமன்றத்தில், தென்காசியைப் போல் ஒரே ஊரில் தலைமுறைக் கணக்கில் சுமையாகப் பேசப்படாமல் அவற்றைப் பரவலாக வைக்கவும் இடம் கிடைக்கும்.

ஆகவே தமிழ்நாட்டின் கோரிக்கை இரண்டாகப் பிரிய வேண்டும். மக்களவையில் மாநிலங்களின் பங்கு 1971-இலேயே நிற்கட்டும். சட்டமன்றத்தின் எண்ணிக்கையும் மாநிலத்துக்குள்ளான கோடுகளும் புதிய கணக்கெடுப்புப்படி திறக்கட்டும். 2003-இல் பாதி செய்தது நாடாளுமன்றம்; மீதியைக் கேட்பது புதுமையான கோரிக்கை அல்ல.

இதில் திருவேற்காட்டுக்காரர்கள் செய்யவும் வேலை இருக்கிறது. இங்கே பல தெருக்களில் கேட்டால், ஓட்டு ஊர்லதான் இருக்குங்க என்பார்கள். பொங்கலுக்கும் தேர்தலுக்கும் பஸ் ஏறிப் போய்ப் போட்டுவிட்டு வருவார்கள். ஊர்ப்பாசம் புரிகிறது. ஆனால் குடியிருக்கும் இடத்தில்தான் வாக்காளராகப் பதிய வேண்டும் என்பது சட்டம். கணக்கெடுப்பில் தலை இங்கே, பட்டியலில் பெயர் அங்கே என்று இருந்தால், இந்த ஊரின் வடிகாலையும் பள்ளிக்கூடத்தையும் பற்றி முடிவெடுப்பவர் உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. கணக்கெடுப்பாளர் வரும்போது வீட்டிலுள்ள எல்லோரையும், வாடகைக்கு இருப்பவர்களையும் விடாமல் சொல்லுங்கள். பெயரை இங்கே மாற்றிக்கொள்ளுங்கள்.

எல்லை வரையறை ஆணையம் எப்போது அமைந்தாலும், முதலில் வரைவைத்தான் வெளியிடும். அரசிதழிலும் நாளிதழ்களிலும் அது வரும். ஆட்சேபம் சொல்ல ஒரு கடைசித் தேதி கொடுத்து, பொதுமக்களை நேரில் கேட்க அமர்வும் நடத்தும். 2008 ஆணைக்கு முன்னும் அப்படி நடந்தது. அந்த அறைகளை நிரப்பியவர்களில் கட்சிக்காரர்களே அதிகம். குடியிருப்போர் நலச் சங்கங்களும் வியாபாரிகள் சங்கங்களும் ஏரிப் பாதுகாப்புக்காரர்களும் இப்போதே தங்கள் பகுதியின் வருவாய்க் கிராமங்கள், வார்டுகள், மக்கள்தொகை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். கூவத்தின் மேல்பகுதியும் கீழ்பகுதியும் ஒரே மக்களவைத் தொகுதியில் வர வேண்டுமா, திருவேற்காடும் அயனம்பாக்கமும் ஒரே சட்டமன்றத் தொகுதியாக வேண்டுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். அந்தத் தேதி ஒருமுறைதான் வரும். தவறினால் அடுத்து ஒரு தலைமுறைக்கு வராது.